மலை தின்ற மணிச்சத்து

அண்ணன் வசமாக மாட்டிக்கொண்டான் என்று தெரிந்த அன்றைக்கு மண்ணு மேடம் வழக்கத்துக்கு மாறாக இரண்டு டீ குடித்தாள். ஒன்று தாகத்துக்கு, இன்னொன்று சந்தோஷத்துக்கு. மண் பரிசோதனை ஆபீசில் பதினான்கு வருஷமாக அவளோடு குப்பை கொட்டிவரும் அட்டெண்டர் இதைக் கவனிக்காமல் இருப்பாரா?

"என்ன மேடம், ப்ரமோஷனா?"

"அதைவிடப் பெருசு," என்றாள்.

தரையில் சீல் வைத்த உரச் சாக்கு ஒன்றும், பாதி தீர்ந்த சாக்கு ஒன்றும் கிடந்தன. மேஜைமேல் ஒரு புகார் மனு. கையெழுத்தும் கைநாட்டுமாக நாற்பது பேர் போட்டிருந்தார்கள். அணைத் தண்ணீரில் நிலம் மூழ்கிப்போனதால் மலைச்சரிவில் குடியேற்றப்பட்ட நாற்பது குடும்பங்கள். மேலே போய் முதல்முறையாக மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். பயிர் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. இலையெல்லாம் அடிபட்ட உடம்பு மாதிரி ஊதா நிறம். இலை ஊதாவானால் மணிச்சத்து என்கிற பாஸ்பரஸ் பற்றவில்லை என்று அர்த்தம். அதற்கென்றேதான் அவர்கள் ஏக்கருக்கு மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட் வாங்கிக் கொட்டினார்கள். கொட்டின உரம் எங்கே போயிற்று? மனுவே அதற்குப் பதிலும் சொல்லிவிட்டது. உரக்கடைக்காரன் மூட்டையைப் பிரித்து, மலையடிவாரத்துச் சாம்பல் மண்ணை அள்ளிக் கலந்து, மறுபடி தைத்து விற்றுவிட்டான். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், இரண்டும் பொடி, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற திமிர்.

அந்த உரக்கடைக்காரன்தான் மண்ணு மேடத்தின் கூடப்பிறந்த அண்ணன்.

கடையைப் பூட்டிச் சீல் வைத்தாகிவிட்டது. வியாழக்கிழமை மலைமேலேயே விசாரணை. அதற்குள் சாக்குகளைச் சோதித்து அவள் ஒரு வரி எழுத வேண்டும். 'கலப்படம்' என்று எழுதினால் லைசென்ஸ் போகும், வழக்கு வரும், ஆள் உள்ளே போவான். 'சுத்தம்' என்று எழுதினால் பூட்டு திறக்கும். சுற்றுவட்டாரத்தில் வேறு பரிசோதனைக்கூடம் கிடையாது. ஆகவே அண்ணன் தலை தங்கச்சியின் பேனா முனையில் இருந்தது. இந்த வேடிக்கையை யாரும் திட்டமிடவில்லை. தானாக அமைந்ததுதான் அவளுக்கு இன்னும் இனித்தது.

இரண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. அம்மா கண்ணை மூடியபோது அவள் ஆபீஸ் வேலையாக மூன்று மணி நேரத் தூரத்து ஊருக்குப் போயிருந்தாள். என் முகத்துக்காகக் கொஞ்சம் பொறுங்கள், வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். வந்து இறங்கியபோது வீடு கழுவி விடப்பட்டு ஈரமாக இருந்தது. அம்மாவை எடுத்தாகிவிட்டது. வாசலில் நின்ற அண்ணன் "நேரமாயிடுச்சு" என்றான். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அன்றைக்கு அவனைத் தலைமுழுகியவள் பிறகு அந்தத் தெருப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவனும் தேடி வரவில்லை. அவன் மட்டும் என்ன, அவனுக்கும் அவளுக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம்.

அன்று மத்தியானமே வேலையை ஆரம்பித்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் ஒரு கிராம் உரத்தை நிறுத்தாள். தண்ணீரில் கரைத்து, குலுக்கி, வடிகட்டி, மருந்தை ஊற்றினாள். மணிச்சத்து இருந்தால் கரைசல் மஞ்சளாகும். எவ்வளவு சத்தோ அவ்வளவு மஞ்சள். சாம்பலைக் கலந்திருந்தால் வெளிறிப்போய் நிற்கும். அவள் வெளிறிய மஞ்சளுக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாய் பளிச்சென்று மஞ்சளாகி அவளைப் பார்த்துச் சிரித்தது. கருவியில் வைத்து அளந்தால் நூற்றுக்குப் பதினாறே சொச்சம். சாக்கில் அச்சடித்திருந்ததும் பதினாறுதான்.

அவளுக்குத் தன் கைமேல் சந்தேகம் வந்தது. அண்ணன்மேல் இருந்த சந்தேகம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. சீல் வைத்த சாக்கை நல்லதாக வைத்திருப்பான், விவசாயிகளுக்குப் போனதில்தான் வேலையைக் காட்டியிருப்பான் என்று, அவர்கள் வீட்டிலிருந்து எடுத்துவந்த பாதிச் சாக்கை மறுநாள் சோதித்தாள். அதிலும் பதினாறு. சட்டப்படி இரண்டு சோதனை போதும். மண்ணு மேடத்துக்குப் போதவில்லை.

"மூணாவது ஒண்ணு போடலாம்," என்றாள்.

அட்டெண்டர் குடுவையைக் கழுவிக்கொண்டே முணுமுணுத்தார். "உரம் சுத்தமா இருக்குன்னு துக்கப்படற ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன் மேடம்."

அவர் வாய் சும்மா இருக்கிற வாயல்ல. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது. புதன்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது அண்ணி வந்து நின்றாள். பதினோரு வருஷத்தில் அண்ணிக்குக் காதோரம் நரைத்திருந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

"ரெண்டு தடவை சோதிச்சியாமே? ரெண்டு தடவையும் நல்லா இருந்துச்சாமே? அப்புறம் என்ன மூணாவது?"

"சட்டம் அப்படி, அண்ணி," என்று கூசாமல் புளுகினாள். "நீங்க இங்க வரக்கூடாது. விசாரணை நடக்குது."

"சட்டமாம். நீ எங்க சோத்துல மண்ணைப் போடத் துடிக்கிறது இந்தக் கண்ணாடிப் பாட்டிலுக்குக்கூடத் தெரியும். பத்து நாளா மனுஷன் ஒழுங்கா சாப்பிடலை. ரோட்டுல போறவன் வர்றவன்லாம் சாம்பல் வியாபாரின்னு கூப்பிடறான். ஷட்டர்ல சாணி அடிச்சுட்டுப் போறான். கூடப்பிறந்தவளுக்கு வயித்துல ஏதாவது பண்ணுதா?"

"எனக்குப் பண்ணினப்ப யாருக்காவது பண்ணுச்சா?"

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பழைய கணக்கு எங்கே கிடக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும். "அப்ப எழுது," என்றாள். "நல்லா எழுது. கை வலிக்க எழுது." செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

மண்ணு மேடம் மூன்றாவது சோதனையைப் போட்டாள். பதினாறு.

பத்து மணிக்குப் பெரிய அதிகாரி போன் பண்ணினார். "உரக்கடைக்காரர் உங்க அண்ணனாமே? சொல்லவே இல்ல? இங்க பாரும்மா, பாசத்துல ஏதாவது எழுதி வச்சிடாத. ஜனங்க கொதிச்சுப்போய் இருக்காங்க. கலப்படம்னு எழுதினா எல்லாருக்கும் நிம்மதி."

பாசமாம். அவள் ரிசீவரை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஊரிலேயே அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று நினைக்கிற ஒரே ரத்தசொந்தத்தைக் கூப்பிட்டு, அவனைக் காப்பாற்றாதே என்று ஒருவர் கெஞ்சுகிறார். சிரித்து முடித்ததும் எரிச்சல் வந்தது. கலப்படம் என்று எழுத அவளுக்கும் ஆசைதான். ஆனால் எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும். பொய்யெழுதிப் பிடித்த திருடனால் என்ன திருப்தி கிடைக்கும்? அவன் நிஜமாகவே திருடனாக இருந்து தொலைக்க வேண்டும் என்பதுதான் அவள் வேண்டுதல்.

கடைசியாக ஒரு வழி இருந்தது. சாக்கு பொய் சொல்லலாம், வயல் பொய் சொல்லாது. கொட்டியதில் சாம்பல் இருந்தால் வயலைத் தோண்டினால் தெரிந்துவிடும். பரிசோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

மலை என்றைக்கோ நெருப்புக் கக்கி அடங்கிப்போன மலை. உச்சி வெட்டுப்பட்ட மாதிரி தட்டையாக இருக்கும். பதினான்கு வருஷம் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தவள் மேலே ஏறிப் போனது அன்றைக்குத்தான். அதை நினைத்தபோது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. வண்டியை விட்டு இறங்கி வரப்பில் கால் வைத்தால் மண் மெத்தை மாதிரி அமுங்கியது. கறுப்பும் சாம்பலுமான மண். ஒரு கட்டியைக் கையில் எடுத்தால் கனமே இல்லை. விரலால் தேய்த்தால் மாவுபோல உதிர்ந்து வழுக்கியது.

குடியிருப்பின் முதல் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது.

"வாங்க. உங்க அண்ணன் குடுத்த லட்சணத்தைப் பாருங்க. எங்க வீட்ல ஆறு பேர். அஞ்சு ஏக்கர்ல இதுதான் விளைச்சல்," என்று ஒரு செடியைப் பிடுங்கி நீட்டினாள். வேர் என்று சொல்ல நாலு நூல் தொங்கியது.

மண்ணு மேடம் ஒரு முழம் தோண்டினாள். இன்னொரு இடத்தில் தோண்டினாள். சாம்பலைத் தேடினாள். தேடத் தேட அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மலையே சாம்பல். இதில் அண்ணன் கலந்த சாம்பல் எது, ஆண்டவன் கலந்த சாம்பல் எது?

அப்போதுதான் காலேஜில் படித்தது ஒன்று மண்டைக்குள் தட்டியது. நெருப்பு மலைச் சாம்பலில் பிறந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. அதில் அலுமினியமும் இரும்பும் எதனோடும் சேராமல் கைவீசிக்கொண்டு திரியும். மணிச்சத்து பக்கத்தில் வந்தால் போதும், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு வேர் எவ்வளவு இழுத்தாலும் வராது. மண்ணில் சத்து மூட்டை மூட்டையாக இருக்கும், பயிர் பட்டினியில் சாகும். பரீட்சைக்கு இரண்டு பக்கம் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள். அதற்குப் பிறகு அதை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பெட்டியின் அடியில், எப்போதோ வாங்கிப் பிரிக்காமலே கிடந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று இருந்தது. சோடியம் ஃப்ளோரைடு கரைசல். கூடவே காரத்தைக் காட்டும் வெள்ளைத் தாள். தாள்மேல் ஒரு சிட்டிகை வயல் மண்ணை வைத்து இரண்டு சொட்டு விட்டாள். அலையும் அலுமினியம் இருந்தால் கரைசல் அதைப் பிடிக்கும், காரம் வெளியே வரும், தாள் சிவக்கும். பத்து எண்ணுவதற்குள் தாள் ரத்தச் சிவப்பாகிவிட்டது. நம்பாமல், ஜீப் சக்கரத்தில் ஒட்டியிருந்த கீழ்நாட்டு மண்ணைச் சுரண்டி இன்னொரு தாளில் வைத்தாள். அது வெள்ளையாகவே இருந்தது.

"என்ன, கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள் முதல் வீட்டுக்காரி.

"உரத்தை எப்படிப் போட்டீங்க?" மண்ணு மேடத்தின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எப்படிப் போடுவாங்க? நீங்க சொன்ன மாதிரிதான்." உள்ளே போய் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்தாள். பத்திரமாக வைத்திருந்தாள். "எழுத்து மாறாம செஞ்சோம். சந்தேகமா இருந்தா எல்லார் வீட்லயும் இருக்கு, கேட்டுப் பாருங்க."

கேட்க வேண்டிய அவசியமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆபீசிலிருந்து ஊர் ஊராகப் போன அறிவுரைத் தாள் அது. சூப்பர் பாஸ்பேட்டை உருண்டையாக வாங்காதீர்கள், தூளாக வாங்குங்கள், தூள்தான் நன்றாகக் கலக்கும். விதைப்புக்கு இருபது நாள் முன்பே வயல் முழுக்கப் பரவலாகத் தூவுங்கள். இரண்டு தடவை உழுது மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடுங்கள். கீழே அவளுடைய கையெழுத்து. அணையில் நிலம் மூழ்கிய இந்தக் குடும்பங்களின் பழைய வயல்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அவர்களும் அதே பழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்கள். இந்த மண்ணில் அதைவிடக் கெட்ட யோசனையை விரோதிகூடச் சொல்லமாட்டான். தூளின் ஒவ்வொரு துகளும் மண்ணைத் தொட்டது, தொட்டதெல்லாம் பிடிபட்டது, இருபது நாள் கழித்து விதை கண் திறந்தபோது அதற்கென்று ஒன்றும் மிச்சமில்லை.

மலைக்குத் தனியாக ஒரு தாள் போடலாமா என்று அப்போது அட்டெண்டர்கூடக் கேட்டார். மேலே யார் விவசாயம் பண்ணப்போகிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். குடியேற்றம் வந்த பிறகாவது ஒருமுறை ஏறிப் பார்த்திருக்கலாம். மலைப்பாதைக்குத் திரும்பும் முக்கில் அண்ணனின் கடை. அதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வேலை வந்து தடுத்தது.

திரும்பும் வழியெல்லாம் அவள் மனசுக்குள் பேரம் நடந்தது. 'சுத்தம்' என்று எண்ணை எழுதிக் கொடுத்தால் அவள் கடமை தீர்ந்தது. தாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கென்ன தலையெழுத்தா? அண்ணன் தப்பித்துப் போகட்டும், அதுவே அவளுக்குப் பெரிய தண்டனை. அதற்குமேல் தன்னையும் எதற்குக் கொடுக்க வேண்டும்? அறிக்கையில் மூன்று எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் குடியிருப்பின் கிடங்கில் கூட்டம். தகரக் கூரை தகித்தது. பெரிய அதிகாரி நடுவில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கதவோரம் இரண்டு போலீஸ். அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி ஒரு ஆள் இடம் விட்டு எல்லாரும் ஒதுங்கியிருந்தார்கள், தொற்றுநோய்க்காரனிடமிருந்து ஒதுங்குகிற மாதிரி. இளைத்திருந்தான். சட்டைப் பையில் எதையோ மடித்து வைத்துக்கொண்டு அதன்மேலேயே கையை வைத்திருந்தான். தங்கச்சி உள்ளே நுழைந்தபோது கண்கொட்டாமல் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இல்லாதது அவளுக்கு எரிந்தது.

அவள் எழுந்து எண்களை வாசித்தாள். "மூணு தடவை சோதிச்சாச்சு. உரம் சுத்தமானது. கலப்படம் இல்ல."

கிடங்கே கூரையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கத்தியது.

"அண்ணனைக் காப்பாத்த வந்துட்டா!"

"எவ்வளவு குடுத்தான்?"

"சுத்தமா? அப்ப எங்க சோளம் வேணும்னே வளரலையா?"

பெரிய அதிகாரி கையை உயர்த்தினார். "அமைதி, அமைதி. உறவுமுறை இருக்கறதால இந்த ரிப்போர்ட்டை நான் எடுத்துக்க முடியாது. சாக்கை வெளியூருக்கு அனுப்புவோம். ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் இவரை ஸ்டேஷன்ல வச்சு விசாரிக்கட்டும்."

போலீஸ்காரர் ஒருவர் நகர்ந்து வந்து அண்ணன் தோளில் கை வைத்தார். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். மண்ணு மேடம் நின்ற இடத்திலேயே நின்றாள். உட்கார்ந்துவிடலாம். உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு. அவன் போகப்போகிறான், அவள் கையில் கறையும் இல்லை. மூன்று தடவை சோதித்தும் கிடைக்காதது இப்போது சும்மா கிடைக்கிறது. பதினோரு வருஷமாகக் கேட்டது இதுதானே?

உட்காரப் போனாள். எதிரே முதல் வீட்டுக்காரி அந்த ஊதாச் செடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த விதைப்பிலும் இவள் இருபது நாள் முன்னால் தூளைத் தூவுவாள், எழுத்து மாறாமல். உரக்கடைக்காரனை மாற்றிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நம்பித் தூவுவாள்.

"இருங்க," என்றாள் மண்ணு மேடம். "சோளம் வளராததுக்குக் காரணம் அவன் இல்ல. நான்."

அவள் சொல்லிவிட்டாள். இந்த மண்ணில் அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதைச் சொன்னாள். "மூணு மூட்டையும் உங்க வயல்லதான் இருக்கு. எங்கயும் போகல. ஆனா வேருக்குக் கிடைக்காது. தூளா, பரவலா, முன்கூட்டியே போடச் சொன்னது என் தாள். இங்க அப்படிப் போடவே கூடாது. உருண்டையா வாங்கி, விதைக்கிற அன்னிக்கே, விதைக்குக் கீழ ஒரே வரிசையாப் போடணும். மண்ணு தொடறதுக்குள்ள வேரு தொட்டுடணும். நான் ஒரு தடவைகூட இங்க வந்து பாக்காம எழுதிட்டேன்."

"இந்தப் பயிர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"இது போச்சு."

அவளை நம்பாதவர்கள் இதை உடனே நம்பினார்கள். தன்மேல் தானே பழி போட்டுக்கொள்கிறவளை யார்தான் நம்பமாட்டார்கள்? முதலில் வசவு வந்தது, பிறகு ஒரு மண்கட்டி பறந்து வந்து அவள் தோளில் விழுந்தது. இந்த மண்ணுக்குக் கனம் ஏது, பட்டதும் பொடிப்பொடியாகி அவள் முடியெல்லாம் அப்பிக்கொண்டது. இரண்டாவது, மூன்றாவது. போலீஸ்காரர்கள் அண்ணனை விட்டுவிட்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். பெரிய அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும்மா உனக்கு, ஆபீஸ் பக்கம் வராத," என்றார். அண்ணனின் கடை அன்றே திறக்கலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவளை ஏற்றிக்கொள்ளவில்லை.

கிடங்குக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. திரும்பாமலே யார் என்று தெரிந்தது.

"நன்றி சொல்ல வந்தியா?"

"உனக்கா?" என்றான் அண்ணன். "நீ கலப்படம்னு எழுதுவேன்னு நம்பித்தான் வந்தேன். எழுதியிருந்தா நான் எந்திரிச்சு இதை வாசிச்சிருப்பேன்." சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துக் காட்டினான். அவளுடைய அறிவுரைத் தாள்தான். சிவப்பு மையால் மூன்று இடத்தில் கோடு போட்டிருந்தான். "பத்து நாளாப் பேசிப் பாத்து வச்சிருந்தேன். அத்தனை பேர் முன்னாடி உன்னை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கலாம்னு. அதையும் கெடுத்துட்ட."

அவள் முகத்தைத் துடைத்தாள். கோபம் வருமுன் வேறொன்று வந்தது.

"தாள்ல தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உர கம்பெனி ஏஜென்ட் சொன்னான். சாம்பல் மண்ணுல தூள் போட்டா அவ்வளவுதான், உருண்டையை வித்துவிடுங்கன்னான். வாங்க வந்தவங்கள்ல ரெண்டு பேருக்குச் சொன்னேன். உன் தாளைக் காட்டி, மேடத்தைவிட உனக்குத் தெரியுமான்னாங்க. எனக்கென்ன, கேட்டதைக் குடுத்தேன்."

"எப்ப சொன்னான் அந்த ஏஜென்ட்?"

அண்ணன் தாளை மடித்தான். "விதைக்கிறதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடி."

"ஒன்றரை மாசம். அப்ப இன்னும் யாரும் தூவியே இருக்க மாட்டாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே நாள்ல தாளை மாத்தியிருப்பேனே?"

"உன்கிட்டயா?" என்றான். "நான் வந்து சொல்லணுமா? நீ ஒரு நாள் கடைப்பக்கம் வந்து, மேல எந்த உரம் போகுதுன்னு கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் வீட்டுக்காரி வாளியோடு வந்து எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று அவர்கள் கவனிக்கவில்லை. அவள் கத்தவில்லை. கிடங்கில் கத்திய குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வார்த்தை போயிருந்தா எங்க சோளம் பிழைச்சிருக்கும். அப்படித்தானே?"

அண்ணன் தாளைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"உங்க வீட்டுச் சண்டையைப் போட எங்க நிலந்தான் கிடைச்சுதா?"

குழாய்க்குக் கீழே வாளியை வைத்தாள். அது நிறையும்வரை இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.